தலைமடைப் பாடங்களும் கடைமடைக் கல்லூரிகளும்

1

‘பகிர்தல்’ என்கிற சொல் இன்றைய கல்விச் சொல்லாடலில் கேள்விக்கு அப்பாற்பட்ட ஒன்றாக ஆகிவிட்டிருக்கிறது. கல்லூரிகள் பாடங்களைப் பகிர்கின்றன, இணைய மேடைகளைப் பகிர்கின்றன, ‘கிரெடிட்’டுகளைப் பகிர்கின்றன. இதற்கென்று புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. ஃப்ளெக்ஸ் பேனருக்கு முன்னால் இரண்டு தரப்பும் ஒரே கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் மறுநாள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் வருகிறது. ‘நாக்’ தரமதிப்பீட்டுக் குழு வரும்போது எடுத்துக்காட்ட அந்தத் தாள் ஆகும். இதில் யார் எதைப் புரிந்துகொண்டார்கள், யார் எதை உணர்ந்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

பகிர்வுக்கு யாராவது எதிராக இருக்க முடியுமா? முடியாது. இந்தச் சொல்லின் அதிகாரமே அங்குதான் இருக்கிறது. எதிர்க்க முடியாத ஒரு சொல்லுக்குப் பின்னால், எதிர்க்கப்பட வேண்டிய ஏற்பாடுகள் பல சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். யார், யாரோடு, எதை, யார் வகுத்த விதிப்படி பகிர்ந்துகொள்கிறார்கள்? வாங்குகிறவருக்கு மடையில் கை வைக்கும் உரிமை உண்டா?

மடை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரை உத்தமபாளையத்திலிருந்து எழுதப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பகிர்வு என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது தண்ணீர்தான். அதற்குப் பிறகு வருவோம். அதற்கு முன் ஒரு பேச்சு.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் காத்திருந்தபோது எனக்குத் தெரிந்த ஒரு மாணவியைப் பார்த்தேன். இந்தப் பள்ளத்தாக்கின் ஒரு கல்லூரியில் படிக்கிறவள். அம்மா விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, மலைக்கு மேலே இடுக்கியின் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். இணையவழிப் பாடம் ஒன்றை எடுத்திருப்பதாகச் சொன்னாள்.

“என்ன பாடம்மா?”

“ஏதோ மேனேஜ்மெண்ட்டு சார். வீடியோவ ஓட விட்டுட்டு வேலையப் பாப்பேன். வாராவாரம் அசைன்மெண்ட்டுக்கு விடை குரூப்புல வந்துரும்.”

“புரியுதா?”

“இங்கிலீஷ் வேகமாப் போகுது சார். நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்கலாந்தான், நெட்டு தீந்துரும்ல. ஆனா ஒண்ணு சார். அந்த வாத்தியாரு யாரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்ல மாட்டாரு.”

இந்தப் பேச்சின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இணையவழிக் கல்வியை ஒரே அடியாக அடித்துவிடலாம். நம்மில் பலரும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியம் நம்மை விடாது. இரண்டையும் சேர்த்து யோசிக்க முடிகிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை.

2

முதலில் ஒரு சதவீதத்தின் கதை.

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் ‘என்பிடெல்’ என்கிற திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி. வகுப்பறைப் பாடங்களை ஒளிப்பதிவு செய்து எல்லோருக்கும் இலவசமாகத் தருவது நோக்கம். நல்ல நோக்கம், சந்தேகமில்லை. பொறியியல் படிக்கிற எத்தனையோ பிள்ளைகள் அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் தங்கள் கல்லூரியில் விளங்காததை விளங்கிக்கொண்டார்கள். 2014இல் இது சான்றிதழ் தரும் படிப்பாக மாறியது. வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25 சதவீதம், நேரில் போய்க் கணினி மையத்தில் உட்கார்ந்து எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். பார்ப்பது இலவசம், தேர்வுக்குக் கட்டணம். கல்லூரிகள் இதில் ‘உள்ளூர்க் கிளை’களாகச் சேர்ந்தன. கிளைக்கு ஒரு பொறுப்பாசிரியர். அவர் வேலை பாடம் நடத்துவது அன்று, ஆள் சேர்ப்பது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதை வைத்துக் கிளைகளுக்குத் தரவரிசையும் உண்டு.

2016 ஜூலையில் பல்கலைக்கழக மானியக்குழு ஓர் ஒழுங்குமுறையை வெளியிட்டது. ஒரு பட்டப்படிப்பின் ஒரு பருவத்தில் உள்ள பாடங்களில் 20 சதவீதம் வரை இணைய மேடையில் படித்துக் கிரெடிட் பெறலாம் என்றது அது. 2017 ஜூலை 9 அன்று ‘ஸ்வயம்’ என்கிற மேடை முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 2021 மார்ச்சில் புதிய ஒழுங்குமுறை வந்தது. 20 சதவீதம் 40 சதவீதமாக ஆனது. அதே ஆண்டு ஜூலையில் மாணவர் எங்கெங்கோ சம்பாதிக்கிற கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் ‘கல்விக் கிரெடிட் வங்கி’ வந்தது. 2024 பிப்ரவரியில் ‘ஸ்வயம் பிளஸ்’ வந்தது. அதை நடத்தும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடம்.

40 சதவீதம் என்பது உச்சவரம்புதானே, கட்டாயம் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் உச்சவரம்பை எதற்காக உயர்த்துகிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும். அதற்கு 2016 ஒழுங்குமுறையே பதில் வைத்திருக்கிறது. ஒரு கல்லூரி எந்தச் சூழல்களில் இணையப் பாடத்தை அனுமதிக்கலாம் என்று அது பட்டியலிடுகிறது. பட்டியலின் முதல் இடத்தில் இருப்பது, அந்தத் துறையில் பாடம் நடத்தத் தகுதியான ஆசிரியர் இல்லாமை. மாணவர் விரும்பும் விருப்பப்பாடம் கல்லூரியில் இல்லாமை என்பது அதற்கு அடுத்து. கற்பித்தலுக்குத் துணையாக அமையும் என்பது கடைசியில்தான் வருகிறது.

இந்தப் பிரதியை நிதானமாக வாசிக்க வேண்டும். ஆசிரியர் இல்லாமை என்பது ஒரு குறை, அதை அரசு தீர்க்க வேண்டும் என்பதாக இதுநாள்வரை இருந்தது. ஆசிரியர் சங்கங்கள் அதை வைத்துப் போராடின. மாணவர்கள் மறியல் செய்தார்கள். இப்போது அதே ஆசிரியர் இல்லாமை, ஒரு திட்டத்தில் சேர்வதற்கான தகுதியாக மாறிவிட்டது. காலியிடம் என்பது இனி நிரப்பப்பட வேண்டிய இடம் அல்ல. அது ஒரு ‘வாய்ப்பு’. இன்னொரு விதியும் இருக்கிறது. மாணவர்களை வழிநடத்தக் கல்லூரி ஓர் ஒருங்கிணைப்பாளரையோ ‘வசதி செய்து தருபவ’ரையோ நியமிக்க வேண்டும். அதாவது உள்ளூர் ஆசிரியர் முற்றாக ஒழிக்கப்படவில்லை. அவர் பெயர் மாற்றப்படுகிறார். பேசுகிறவர் திரையில் இருக்கிறார். இவர் புரொஜெக்டருக்குச் சுவிட்ச் போடுகிறார்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயர் மாற்றம் நமக்குப் புதியதும் இல்லை. அரசு கலைக் கல்லூரிகளை ஆயிரக்கணக்கான ‘கௌரவ’ விரிவுரையாளர்கள்தான் தாங்கி நிற்கிறார்கள். நிரந்தரம் கிடையாது, முழுச் சம்பளம் கிடையாது, கௌரவம் மட்டும் உண்டு. உதவிபெறும் கல்லூரிகளில் ‘சுயநிதிப் பிரிவு’ ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் ஓடுகிறார்கள். இப்படி ஏற்கெனவே பாதி அழிக்கப்பட்ட ஆசிரியரின் இடத்தில்தான் திரை வந்து நிற்கிறது. திரை ஆசிரியரை விரட்டிவிட்டது என்று சொன்னால் அது பொய். விரட்டிய பிறகுதான் திரை வந்தது.

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடவும் முடியாது. புதிய கல்விக் கொள்கையை எதிர்க்கிற தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. அதிலும் இணையவழிப் படிப்புகள், அதிலும் வெளி நிறுவனங்கள், அதிலும் பருவப் பாடத்திட்டத்துக்குள் ஒதுக்கப்பட்ட கிரெடிட். வேலைவாய்ப்புக்கு ஏங்குகிற முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அது ஒரு கதவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாடத்தை யார் தீர்மானிப்பது என்கிற கேள்வியில் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே, உத்தமபாளையத்திலிருந்து பார்த்தால், தூரம் அதிகமில்லை.

3

இணையம் வந்துதான் இந்த மாதிரி ஊர்களுக்கு உயர்ந்த அறிவு வந்து சேர்ந்தது என்பதாக ஒரு கதையாடல் இருக்கிறது. ‘கடைக்கோடி மாணவனுக்கும் ஐ.ஐ.டி. பேராசிரியர்’ என்பது அதன் விளம்பர வாசகம். கடைக்கோடி என்றால் எங்கிருந்து கடைக்கோடி?

உத்தமபாளையத்தின் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். அச்சணந்தி என்கிற சமணத் துறவியின் பெயர் அங்கே இருக்கிறது. அதே பெயர் மதுரை ஆனைமலையிலும் பழனிக்குப் பக்கத்து ஐவர்மலையிலும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் மலை மலையாய் ஒரு மரபின் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘பள்ளி’ என்கிற சொல்லே சமணர்களின் உறைவிடத்துக்கும் உரியது என்பது நமக்குத் தெரியும். பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. கற்பிக்கிறவர் கற்கிறவர் ஊருக்கு வந்து தங்கியது ஒரு பகிர்வு முறை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் இங்கே வந்தது. அதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் பெரும்பாலும் மதுரைதான். ஒரு முஸ்லிம் வணிகரின் கொடையில் எழுந்த நிறுவனத்தில் சுற்றுவட்டாரத்தின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். இதுவும் ஒரு பகிர்வுதான். கொடை என்பதிலும் அதிகாரம் உண்டு, அதைத் தனியே விவாதிக்கலாம். ஆனால் அங்கே கட்டடம் இங்கே இருந்தது, ஆசிரியர் இங்கே குடியிருந்தார், சம்பளம் இந்த ஊர்க் கடைகளில் செலவானது, கேள்வி கேட்க ஆள் எதிரே இருந்தது.

பிறகு தொலைவிலிருந்து வந்தவை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. ‘தபால் பட்டம்’ என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாடக்கட்டுகள் தமிழிலும் வந்தன. வீட்டைவிட்டு வெளியே படிக்கப் போக முடியாத பெண்களும், வேலையில் இருந்துகொண்டே படித்த குமாஸ்தாக்களும் போலீஸ்காரர்களும் அவற்றைப் படித்துத்தான் பட்டதாரி ஆனார்கள். நேர்முக வகுப்பு என்று ஒன்று இருந்தது. 1984 ஆகஸ்ட் 15 முதல் மானியக்குழுவின் ‘நாடு தழுவிய வகுப்பறை’ தூர்தர்ஷனில் வந்தது, ஆங்கிலத்தில். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே ‘எடுசாட்’ செயற்கைக்கோளை ஏவினார்கள். 2010இல் அது ஓய்வு பெற்றது. ஒவ்வொன்றும் வரும்போது ஆசிரியர் பஞ்சம் தீர்ந்தது என்றுதான் சொன்னார்கள். பஞ்சம் அப்படியே இருக்க, கருவி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

இதற்கிடையே தாய்ப் பல்கலைக்கழகத்தின் கதி என்ன? 2024இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஊழியர்களுக்குச் சம்பளமும் ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதியமும் கொடுக்க முடியாமல் திணறியது. தேசத்தின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் உங்கள் கைப்பேசியில் என்கிற அறிவிப்பும், உங்கள் பல்கலைக்கழகத்து ஆசிரியருக்கு இந்த மாதம் சம்பளம் இல்லை என்கிற அறிவிப்பும் ஒரே காலத்தில் வருகின்றன. இவை இரண்டும் தொடர்பற்ற செய்திகளா?

4

பெயர்களைக் கவனிப்பது நல்லது. கருத்தியல் பெரும்பாலும் பெயர்களில்தான் மறைக்காமல் உட்கார்ந்திருக்கும்.

‘ஸ்வயம்’ என்பது ஓர் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அதன் முதல் சொற்கள் ‘ஸ்டடி வெப்ஸ்’, அதாவது கற்றல் வலைகள். 1971இல் இவான் இல்லிச் ‘பள்ளியற்ற சமூகம்’ பற்றி எழுதியபோது கற்றல் வலைகள் என்றே ஓர் அத்தியாயம் எழுதினார். அவர் கற்பனை செய்த வலை எப்படிப்பட்டது? கருவிகளும் பொருள்களும் யாருக்கும் கிடைக்க வேண்டும், திறன் உள்ளவரும் அதைக் கற்க விரும்புகிறவரும் சந்திக்க வேண்டும், ஒரே ஆர்வம் கொண்ட சகாக்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள வேண்டும், சான்றிதழின் ஏகபோகம் ஒழிய வேண்டும். நம் மேடையில் வலை இருக்கிறது, சகா இல்லை. சான்றிதழின் ஏகபோகம் ஒழியவில்லை, மையப்பட்டிருக்கிறது.

பாவ்லோ ஃப்ரெய்ரே மாணவர் தலையை உண்டியலாக்கி ஆசிரியர் அதில் காசு போடுகிற முறையை ‘வங்கிமுறைக் கல்வி’ என்று விமர்சித்தார். தமிழில் இதை முப்பது நாற்பது வருஷமாக மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். 2021இல் அரசு ஒரு வங்கியையே திறந்து ‘கல்வி வங்கி’ என்று பெயரும் வைத்துவிட்டது! உருவகமாகச் சொன்னதை நிறுவனமாகக் கட்டியிருக்கிறார்கள். நம் விமர்சனத்துக்கு இனி என்ன வேலை?

‘ஸ்வயம்’ என்கிற சொல்லுக்கு வருவோம். தானே, சுயமாக. தமிழகத்தில் உயர்கல்வியின் கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றை ‘சுய’ என்கிற முன்னொட்டை வைத்தே எழுதிவிடலாம். 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. நீயே பணம் கட்டிக்கொள் என்பது அதன் பொருள். 2017இல் ஸ்வயம். நீயே படித்துக்கொள் என்பது இதன் பொருள். அரசு தன் பொறுப்பிலிருந்து பின்வாங்குகிற ஒவ்வொரு கட்டத்திலும் குடிமகனின் சுயம் போற்றப்படுகிறது. அல்தூசர் சொன்ன விளிப்பு இங்கே நேர்த்தியாக நடக்கிறது. ‘ஏ, சுயமாகக் கற்பவனே’ என்று மேடை கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்கிற மாணவி, தோற்றால் தன்னையே குற்றவாளியாகக் கருதிக்கொள்கிற தன்னிலையாக அங்கேயே உருவாகிவிடுகிறாள். “நாந்தான் சார் சரியாப் பாக்கல” என்பாள். ஆசிரியர் இல்லை, மொழி புரியவில்லை, டேட்டா தீர்ந்துவிட்டது, அம்மா மலையிலிருந்து வருமுன் சோறு ஆக்க வேண்டும். இவை எல்லாம் அவளுடைய கவனக்குறைவாகக் கணக்கு வைக்கப்படும்.

இதை மூன்றாம் உலகப் புலம்பல் என்று ஒதுக்கவும் முடியாது. 2013இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தின் தத்துவத்துறை ஆசிரியர்கள் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நீதி பற்றிய அவருடைய புகழ்பெற்ற இணையப் பாடத்தை ‘எட்எக்ஸ்’ மேடை வழியாகத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்தார்கள். பாடம் மோசம் என்பது அவர்கள் வாதம் அல்ல. வசதியுள்ள பிள்ளைகளுக்கு நேரில் பேராசிரியர், மற்றவர்களுக்கு அவர் வீடியோ என்று இரண்டு வகைப் பல்கலைக்கழகங்கள் உருவாகும், பொதுப் பல்கலைக்கழகங்களின் துறைகள் கலைக்கப்படும் என்பதே அவர்கள் அச்சம். பல இனப் பிள்ளைகள் படிக்கிற ஒரு வகுப்பு, சமூக நீதியைப் பற்றி இன்னொரு வகுப்பறையில் நடந்த விவாதத்தை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில் உள்ள அபத்தத்தையும் அவர்கள் சுட்டினார்கள்.

அந்த மேடை பிறகு என்ன ஆனது? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012இல் லாபநோக்கமற்றதாகத் தொடங்கிய எட்எக்ஸ், 2021இல் 80 கோடி டாலருக்கு ‘2யூ’ என்கிற வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2024இல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஸ்வயம் அரசு மேடை, விற்கப்படவில்லை. அந்த வித்தியாசம் முக்கியமானது, காப்பாற்றப்பட வேண்டியதும் கூட. ஆனால் கட்டட வரைபடம் ஒன்றுதான். மையத்தில் பேசுகிறவர்கள், விளிம்பில் கேட்கிறவர்கள்.

5

இனி அந்த மாணவியின் கடைசி வாக்கியம்.

“அந்த வாத்தியாரு யாரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்ல மாட்டாரு.”

நாம் இழந்துவிட்டதாகப் புலம்புகிற வகுப்பறை எது? பதில் தெரியாத பிள்ளையை ஒரு மணி நேரம் நிற்க வைக்கிற வகுப்பறை. முதல் நாளே “எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று கேட்டு, தெருவின் பெயரிலிருந்து சாதியை எடுத்துக்கொள்கிற வகுப்பறை. இருபது வருஷத்துக்கு முந்தைய மஞ்சள் பூத்த நோட்ஸை டிக்டேட் செய்கிற வகுப்பறை. உதவித்தொகைப் பட்டியலை எல்லோர் முன்னாலும் உரக்க வாசிக்கிற வகுப்பறை. ‘நேர்முகக் கற்பித்தலின் உயிர்ப்பு’ என்று நாம் எழுதும்போது இந்த வகுப்பறையையும் சேர்த்துத்தான் புனிதப்படுத்துகிறோம். ஒரு தலித் மாணவிக்கு, ஒரு முஸ்லிம் மாணவனுக்கு, தன்னைப் பார்க்காத ஆசிரியர் ஒரு விடுதலையாகத் தோன்றக்கூடும். திரைக்குக் கண் இல்லை என்பது சில நேரம் நல்லதுதான்.

ஆகவே ‘மனித ஆசிரியர் எதிர் இயந்திரம்’ என்கிற இருமை எதிர்வை நாம் கைவிட வேண்டும். அது நிலவும் வகுப்பறையின் அதிகாரத்தை மூடி மறைக்கிறது. ஆனால் எதிர்ப்புறத்திலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிற்க வைக்கிற ஆசிரியரிடமிருந்து தப்பித்த மாணவி, எழுந்து நின்று “எனக்குப் புரியல” என்று சொல்கிற இடத்தையும் சேர்த்து இழந்திருக்கிறாள். மேடையில் கேள்வி கேட்கும் பகுதி இருக்கிறது, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கேட்க வேண்டும். அவமானப்படுத்துகிற வாத்தியாரை மாற்றுவதற்குப் பதில் வாத்தியாரையே எடுத்துவிட்டு, இதோ சமத்துவம் என்கிறது அமைப்பு. அவளுக்கு வேண்டியிருந்தது அவமதிக்காத ஆசிரியர். ஆசிரியரே வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

சாதி திரைக்குள் இல்லை என்று யார் சொன்னது? எந்த நிறுவனங்களின் ஆசிரியர்கள் திரையில் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஐ.ஐ.டி. ஆசிரியர் பணியிடங்களில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினரின் பங்கு ஒதுக்கீட்டு அளவை எட்டவில்லை என்பது நாடாளுமன்றத்திலேயே திரும்பத் திரும்ப எழுந்த பிரச்சினை. தமிழகத்துக் கல்லூரிகளில் ஆசிரியர் நியமனத்துக்கு இட ஒதுக்கீட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்ற இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இருக்க வேண்டிய ஒருவர் நியமிக்கப்படாமல், அவர் நடத்த வேண்டிய பாடம் ஒதுக்கீடு நிறைவேறாத ஒரு நிறுவனத்திலிருந்து ஒளிபரப்பாகிறது என்றால், அங்கே நடப்பது வெறும் தொழில்நுட்ப மாற்றமா? ஒதுக்கீட்டின் நிலப்பரப்பே வெட்டிக் குறைக்கப்படுகிறது. இதை நாம் இன்னும் சத்தமாகப் பேசத் தொடங்கவில்லை.

6

தண்ணீருக்கு வருகிறேன்.

மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் அணை 1895இல் செயலுக்கு வந்தது. அதற்கு முன்னால் 1886இல் சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் 999 ஆண்டுக்கு ஒரு குத்தகை ஒப்பந்தம். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. இந்த ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற யாரையும் கேளுங்கள், 136, 142, 152 என்று அடிக்கணக்குச் சொல்வார்கள். 1979இல் 136க்கு இறக்கியது, 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் 142ஐ உறுதி செய்தது, எல்லாம் தெரியும். 2011இல் ஊரே எல்லைக்கு நடந்தது. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது தலைமடைக்காரன் கூடுதலாக எடுத்தால் கடைமடைக்காரன் மண்வெட்டியோடு வந்து நிற்பான். இந்த முறையிலும் சாதியும் நிலவுடைமையும் கைகோத்திருந்தன, அதை நாம் மறக்கவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. கணக்கு கேட்கும் உரிமை இல்லாத கடைமடைக்கு வருவதைப் பகிர்வு என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். தலைமடைக்காரன் இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட தண்ணீர் என்றுதான் சொல்வார்கள்.

அடிக்கணக்கு எண்ணத் தெரிந்த இதே ஊர், 20 என்பது 40 ஆனதை எண்ணவில்லை. ஏன்? பாடம் என்பது மேலிருந்து வருவது, அதற்கு நாம் பங்குதாரர் அல்ல, பயனாளி மட்டும்தான் என்று நாம் ஏற்கெனவே நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். மேலாண்மை என்று கிராம்ஷி சொன்னது இதைத்தான்.

என்ன செய்வது? மேடையை உடைப்போம் என்பது வெற்று வீரம். அந்த வீடியோக்கள் பொதுப்பணத்தில் உருவானவை, நம்முடையவை. அவற்றை நாம் என்ன நிபந்தனையில் ஏற்போம் என்பதே கேள்வி. நான்கு நிபந்தனைகளை விவாதத்துக்கு வைக்கிறேன்.

ஒன்று. ஆசிரியர் காலியிடத்தை இணையப் பாடத்துக்கான காரணமாகக் காட்டக் கூடாது. ஒரு துறையில் நிரப்பப்படாத இடம் இருக்கும்வரை அந்தத் துறையின் கட்டாயப் பாடங்கள் இணையத்துக்குப் போகக் கூடாது. விருப்பப்பாடம் போகலாம்.

இரண்டு. உள்ளூர் ஆசிரியர் ‘வசதி செய்து தருபவர்’ அல்ல, அந்தப் பாடத்தின் ஆசிரியர். வீடியோவை நிறுத்தித் தமிழில் விளக்கவும், மறுக்கவும், வேறு உதாரணம் சொல்லவும் அவருக்கு மணிநேரம் ஒதுக்கப்பட வேண்டும். அது பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும், அதற்குச் சம்பளம் தரப்பட வேண்டும்.

மூன்று. மொழி. சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்துரைகள் வந்திருக்கின்றன, வரவேற்போம். ஆனால் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் தேர்வு எழுதச் சொல்வது ஏமாற்று. தமிழ்வழியில் பட்டம் படிக்கிற மாணவி தமிழில் கேள்வி கேட்டு, தமிழில் விடை எழுத முடிய வேண்டும்.

நான்கு. இதுவே முக்கியம். வாய்க்கால் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். உத்தமபாளையம், கம்பம், போடி, தேனி, பெரியகுளம் ஊர்களில் கல்லூரிகள் இருக்கின்றன. பஸ்ஸில் போய்வரும் தூரம். ஒரு கல்லூரியின் நல்ல ஆசிரியரை இன்னொரு கல்லூரி மாணவர்கள் வாரம் ஒரு நாள் நேரிலும் மற்ற நாள் திரையிலும் கேட்கிற ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. பெரியாற்றுப் பாசனத்தின் வரலாறு, ஏலத்தோட்டப் பெண் தொழிலாளர்களின் கூலியும் பயணமும், திராட்சைத் தோட்டத்துப் பூச்சிமருந்து, இந்தப் பாறைகளின் வட்டெழுத்து, ராவுத்தர்களின் தமிழ் ஆகியவற்றைப் பாடமாக எழுத ஐ.ஐ.டி.யால் முடியாது. எழுதினாலும் இங்கே வந்து கேட்டுத்தான் எழுத வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகத்திலேயே கல்வி ஒளிப்பதிவு மையம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. தண்ணீருக்காகச் சண்டை போடுகிற இரண்டு பக்கத்து மாணவர்களும் அணையைப் பற்றி ஒரே பாடத்தை ஒன்றாகப் படித்து வாதாடினால் எப்படி இருக்கும்? நடக்குமா என்று கேட்காதீர்கள். தேசிய மேடையில் எவரும் பாடம் தர விண்ணப்பிக்கலாம் என்பது ஏட்டில் உள்ள விதி. அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், மடை யார் கையில் இருக்கிறது என்பதாவது வெளிச்சத்துக்கு வரும்.

இதை அறிக்கையாக அச்சிட்டுச் சிறுபத்திரிகையில் புதைத்துவிடுவது நம் வழக்கம். இந்தமுறை அப்படி வேண்டாம். இதை வாசிக்கிறவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறவர்களும் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இணையப் பாடங்களின் பட்டியல் மேசைக்கு வரும். வழக்கம்போலக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று விவரம் கேளுங்கள். இது யாருடைய காலியிடத்துக்குப் பதிலாக வருகிறது? இதை நம் மாணவி எந்த மொழியில் தேர்வு எழுதுவாள்? இதற்கு மாற்றாக நம்மிடமிருந்து அங்கே போகிற பாடம் எது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்தத் தாளில் இருப்பது பகிர்வு அல்ல என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். முதலில் கணக்கு எழுதப்படட்டும். மண்வெட்டியைப் பிறகு எடுக்கலாம்.